ஆலையும் கிணறும்

புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற ஊர்களில் ஒரு காணியின் மதிப்பை அளப்பது அதன் பரப்பு மட்டுமன்று. அதிலுள்ள கிணற்றின் நீருமாகும். நீர் நன்னீராயின் அந்நிலம் குடியிருப்புக்கு உகந்தது. உவர்நீராயின் குடிநீருக்கு வேறிடம் நாட வேண்டும். தாம்போதியால் வேலணையுடன் இணைக்கப்பட்ட அத்தீவில் ஆறில்லை, அருவியில்லை. மாரிமழையே வருவாய், நிலத்தடியே களஞ்சியம். ஆதலின், குடியிருப்புக்கு அருகே எத்தொழிலை அனுமதிக்கலாம், எதனை விலக்கலாம் என்னும் கேள்வி அங்கே வீட்டு வளவின் கிணற்றடியிலிருந்தே எழுகின்றது.

இக்கேள்வி முதலில் வலுப்பெற்றது பெருநகரங்களில் ஆகும். புகையும் இரைச்சலும் தீநாற்றமும் மக்கள் துயிலும் வீடுகளை அணுகியபோது நகராட்சிகள் எல்லை வகுக்க முற்பட்டன. 1916ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநகரம் தன்னை வலயங்களாகப் பிரித்து, எவ்வலயத்தில் எது அமையலாம் என விதி செய்தது. சொந்த நிலத்தின் பயன்பாட்டை ஊராட்சி கட்டுப்படுத்தலாமோ என்ற ஐயத்தை, யூக்கிளிட் என்னும் ஊரைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1926ஆம் ஆண்டில் தீர்த்தது. கட்டுப்படுத்தலாம் என்பதே தீர்ப்பு. இலங்கையிலும் நகர, கிராமத் திட்டமிடலுக்கு 1946ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. 1978ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. ஆயினும், பின்னையது வர்த்தமானியில் அபிவிருத்திப் பிரதேசமென அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே உரியது.

இவ்வெல்லைகள் பெரும்பாலும் கண்ணும் காதும் மூக்கும் அறியும் தீமைகளை எண்ணி வகுக்கப்பட்டவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலுமோ தீமை நிலத்தடியாலும் வரும். அடியிலிருப்பது வெடிப்பும் துளையும் மலிந்த சுண்ணாம்புக்கல். மேலே சிந்தியது எளிதில் கீழிறங்கும். இறங்கியது நீரோடு பக்கமாகவும் பரவும். அன்றியும், நன்னீர் அங்கே கனமிகுந்த உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி ஏறக்கூடும். எனவே, புகையே கக்காத ஆலையும் அளவின்றி நீரை இறைத்தால் அயற்கிணறுகளை உவராக்கிவிடும்.

குடாநாட்டின் சுன்னாகத்தில் நிகழ்ந்தது இதற்கு அண்மைய சான்று. அங்கே டீசல் மின் நிலையத்தைச் சூழ்ந்த பகுதிகளில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருக்கக் கண்டு மக்கள் கலங்கினர். 2015ஆம் ஆண்டில் வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆந் தேதி தீர்ப்பளித்த நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டு, மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. காவல் செய்ய வேண்டிய பொது நிறுவனங்கள் கடமை தவறியதையும் சுட்டிக்காட்டியது. நீதி கிடைத்தது, எனினும் பணம் நீராகாது. மதிலுக்கு வெளியே ஆலை நின்றது என்பதனால் மதிலுக்கு உள்ளே கிணறு தப்பவில்லை.

அவ்வாறாயின் தொழிலே வேண்டாமா எனின், அதுவும் பொருந்தாது. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990இல் போரினால் நின்றுபோகும் வரை, பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. தீவுகளில் எஞ்சியிருக்கும் இளைஞர்க்கும் வேலை வேண்டும். மீனவர்க்கு ஐஸ் வேண்டும். படகு திருத்தும் பட்டறை வேண்டும். போரினால் இடம்பெயர்ந்தோரின் காணிகள் பல வெறுமையாய்க் கிடக்கின்றன. ஆளில்லாத காணிதானே, ஆலை வைத்தால் என்ன என்று எண்ணுவது எளிது. ஆனால், காணிக்கு வேலி உண்டு. அதன் கீழுள்ள நீருக்கு வேலி இல்லை. வெற்றுக் காணியில் சிந்திய எண்ணெய் அயலவர் வாளியில் ஏறும்.

ஆகையால், இத்தகைய ஊர்களில் எல்லையைத் தெருவினாலன்றிக் கிணற்றினால் வகுத்தலே முறை. அதற்குச் சட்டத்தில் வழியுண்டு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் குறித்த தொழில்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கின. 2008ஆம் ஆண்டு வர்த்தமானி, சிறு தொழில்கள் சிலவற்றுக்கு அதனை வழங்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அனுமதி கேட்டு வருவோரிடம் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டல் வேண்டும். அண்மையிலுள்ள குடிநீர்க் கிணறு எத்தனை யார் தொலைவில் உள்ளது? நாளொன்றுக்கு எவ்வளவு நீர் இறைக்கப்படும்? எண்ணெய் வைக்குமிடம் ஒழுகாத சீமெந்துத் தளமும் சுற்றுவரம்பும் உடையதா? கழிவு எங்கே செல்லும்? தொழில் தொடங்கும் முன்னரும் பின்னரும் அயற்கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவை ஊரவர் அறியச் செய்தலும் வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடையிறுக்கக்கூடிய தொழில் ஊரில் இடம்பெறட்டும். விடையிறுக்க இயலாதது வேறிடம் தேடட்டும். தவறான இடத்தில் அமைந்த ஆலையைப் பெயர்த்து அப்பால் வைக்கலாம். கெட்டுப்போன நிலத்தடி நீரைப் பெயர்த்து வைக்க எவராலும் இயலாது.