இருபத்தெட்டாவது பெயர்



இந்த விசுவாவசு ஆண்டு (2025) தமிழ்ப் புத்தாண்டு விழாவில், 'புத்தாண்டில் நம் நம்பிக்கை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று சொல்லப் பஞ்சாங்கம் இருக்கிறது, அதைப் படிக்க ஆட்களும் இருக்கிறார்கள். நான் இந்த ஊர்க்காரன். டெட்ராய்ட்டைச் சுற்றி, டிராயிலும் கேன்டனிலும் ஃபார்மிங்டன் ஹில்ஸிலும் வீடு வாங்கிக் குடியிருக்கும் உங்களைப் போல ஒருவன். எனக்கு நம்பிக்கை என்றால் நம் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ்தான். 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி வியாழக்கிழமை டிராஃப்ட் நடக்கப் போகிறது. ஆகவே அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சங்கச் செயலாளர் முறைப்பது தெரிகிறது. பரவாயில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இரண்டு வார்த்தை. ஐ.பி.எல். ஏலம் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படி ஏலம் கிடையாது. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்தில் பேர் வாங்கிய பையன்களை இவர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர்தான் டிராஃப்ட், மொத்தம் ஏழு சுற்று. போன பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வாங்கிய அணிக்குக் கடைசி வாய்ப்பு. பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போன காலத்தில், பிலடெல்பியா அணியை வைத்துக்கொண்டு தோற்றுக்கொண்டே இருந்த பெர்ட் பெல் என்பவர் சொன்ன யோசனை இது. 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதலில் எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் இந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. தன் குணம் என்ன என்பதை டிராஃப்ட் பிறந்த அன்றே காட்டிவிட்டது.

எடுக்கப்படும் பையனுக்கு இதில் வாய் கிடையாது. எந்த ஊர், எந்த முதலாளி என்பதை எல்லாம் வேறு யாரோ முடிவு செய்வார்கள். எச்1பி குலுக்கலில் பெயர் விழுமா என்று மார்ச் மாதம் முழுக்கத் தூங்காமல் கிடந்தவர்கள் இந்த அரங்கில் எத்தனையோ பேர். அந்தப் பையன் வயிற்றில் என்ன புரளும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, தோற்றவனுக்கு முதல் வாய்ப்பு என்பது நியாயமான ஏற்பாடு. அந்த ஏற்பாடு மட்டும் போதும் என்றால், உலகத்திலேயே அதிகக் கோப்பை வைத்திருக்க வேண்டிய ஊர் டெட்ராய்ட்! நாம் கடைசியாகப் பட்டம் வென்றது 1957-இல். அதற்குப் பிறகு 2023 வரைக்கும், பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் வென்ற ஆட்டம் எத்தனை தெரியுமா? ஒன்று. 1992 ஜனவரியில் டல்லாஸை 38-6 என்று அடித்தோம். அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்தது.

நமக்கு நல்ல ஆட்டக்காரர்களே வாய்க்கவில்லையா என்றால், அதுவும் இல்லை. 1989-இல் மூன்றாவது ஆளாக பேரி சாண்டர்ஸை எடுத்தோம். அவர் பந்தோடு ஓடும்போது எதிரணிக்காரர்கள் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுவார்கள். பத்துப் பருவம் ஆடிவிட்டு, பந்தோடு ஓடிய தூரத்தில் வால்டர் பேட்டன் வைத்திருந்த சாதனைக்கு 1,457 கெஜம் மிச்சம் இருக்கும்போது, போதும் சாமி என்று ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். 2007-இல் இரண்டாவது ஆளாக கால்வின் ஜான்சன். ஆறடி ஐந்து அங்குலம், மூன்று பேர் சுற்றி நின்றாலும் அவர் கை மேலே நீண்டு பந்தைப் பிடிக்கும். அவரும் முப்பது வயதில் கிளம்பிவிட்டார். 2009-இல் முதல் ஆளாக மேத்யூ ஸ்டாஃபோர்ட். பன்னிரண்டு பருவம் எலும்பு நொறுங்க ஆடினார், பிளேஆஃபில் ஒரு வெற்றிகூட இல்லை. இந்த மூன்று பேரையும் எடுத்ததில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அவர்களைச் சுற்றி யாரை எடுத்தோம் என்பதில்தான் குற்றம்.

இங்கே மேட் மில்லன் காலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல ஆட்டக்காரர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர். 2001-இல் அவர் கையில் அணியைக் கொடுத்தார்கள். ஓடிப்போய்ப் பந்து பிடிக்கும் வைடு ரிசீவர்கள் மேல் மனுஷனுக்கு அப்படி ஒரு மோகம். 2003-இல் முதல் சுற்றில் ஒரு ரிசீவர், 2004-இல் ஒரு ரிசீவர், 2005-இல் இன்னொரு ரிசீவர். 2003-இல் எடுத்த சார்லஸ் ராஜர்ஸ் சாகினாவில் பிறந்த நம் மாநிலத்துப் பிள்ளை. அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் காறை எலும்பு முறிந்தது, ஆட்டம் போயிற்று, 2019-இல் 38 வயதில் இறந்தும் போனார். அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. பழி எடுத்தவர்களுடையது. 2005-ஐப் பாருங்கள். பத்தாவது இடத்தில் நாம் மைக் வில்லியம்ஸ் என்ற ரிசீவரை எடுத்தோம். பதினோராவது இடத்தில் டல்லாஸ் எடுத்தது டெமார்கஸ் வேரை. எதிரணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக்கை விரட்டிச் சாய்ப்பதில் அவர் காலத்தில் அவருக்கு நிகரானவர் சிலரே. 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். அந்த 2005 டிராஃப்டிலேயே 24-ஆவது ஆளாக கிரீன் பே எடுத்த பையன் பெயர் ஆரன் ராஜர்ஸ். பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவரால் நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று இங்கே பலருக்குத் தெரியும்.

மில்லன் முழுதாகப் பார்த்த ஏழு பருவங்களில் 31 வெற்றி, 81 தோல்வி. மில்லனை நீக்கு என்று அட்டை பிடித்து ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள். எட்டாவது பருவம் தொடங்கிய கொஞ்ச நாளில் அவர் போனார். அந்த 2008-இல் பதினாறு ஆட்டம், பதினாறும் தோல்வி. தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள் ஜனங்கள். போனார்கள் என்பதைக் கவனியுங்கள். முகத்தை மறைத்தார்களே தவிர, டிக்கெட்டைக் கிழித்துப் போடவில்லை.

திருக்குறளில் ஆள் தேர்வுக்கென்றே அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். ஆராயாமல் ஒருவனை நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய பிறகு அவனைச் சந்தேகப்படுவதும் துன்பம் என்கிறார் வள்ளுவர். முதல் தவறை மில்லன் செய்தார். இரண்டாவது தவறை ஒவ்வொரு ஏப்ரலிலும் நாம் செய்கிறோம், டிவி முன்னால் உட்கார்ந்து.

2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராக வந்தார், டான் கேம்பல் பயிற்சியாளராக வந்தார். கேம்பல் முதல் பேட்டியிலேயே, எங்களைக் கீழே தள்ளினால் எழுந்திருக்கும்போது முழங்காலைக் கடித்துக்கொண்டு எழுந்திருப்போம் என்கிற தோரணையில் பேசினார். நாடே சிரித்தது. ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு இரண்டு முதல் சுற்று வாய்ப்பு, ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு, அங்கே வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஜாரெட் காஃப். ஸ்டாஃபோர்ட் போன முதல் பருவத்திலேயே அங்கே சூப்பர் பவுல் வென்றார். நம் வயிறு எரிந்ததா? எரிந்தது. அவருக்காகக் கைதட்டவும் செய்தோம்.

ஹோம்ஸ் முதன்முதலாக எடுத்த ஆள் யார்? பந்தைத் தொடாத ஆள்! பெனே சூவல், முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளும் லைன்மேன். ஏழாவது இடத்தில் அவர் கிடைத்ததும் ஹோம்ஸ் அறை அதிரக் கத்திக் குதித்த காணொளியைப் பார்த்திருப்பீர்கள். டச்டவுன் போட்டு ஆடுகிறவனுக்காகக் கத்துகிறவர்கள் ஆயிரம் பேர். முட்டுகிறவனுக்காகக் கத்திய மேலாளரை நான் அன்றுதான் பார்த்தேன். மில்லன் விட்ட இடம் எது என்று அந்தக் கத்தலே எனக்குச் சொல்லிவிட்டது. அதே டிராஃப்டில் நான்காவது சுற்றில், 112-ஆவது ஆளாக அமோன்-ரா செயின்ட் பிரவுன். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட பதினாறு ரிசீவர்களின் பெயரையும் வரிசை தவறாமல் மனப்பாடமாகச் சொல்வார். இப்படிப்பட்ட ரிசீவர் என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

2022-இல் பிளிமத்தில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய எய்டன் ஹட்சின்சன், இரண்டாவது ஆள். அதே ஆண்டு 97-ஆவது ஆளாகக் கெர்பி ஜோசப். 2024 பருவத்தில் எதிரணி எறிந்த பந்தை ஒன்பது முறை இடைமறித்துப் பிடித்தார், லீக்கிலேயே அதிகம். 2023-இல் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. ராம்ஸிடமிருந்து வந்த ஆறாவது இடத்தை அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்கு இறங்கி, பந்தோடு ஓடும் ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தார்கள். 18-இல் தற்காப்பில் ஆடும் லைன்பேக்கர் ஜாக் கேம்பல். மறுநாள் நிபுணர்கள் காய்ச்சி எடுத்தார்கள். இந்தக் காலத்தில் ரன்னிங் பேக்கை இவ்வளவு மேலே எடுப்பார்களா, லைன்பேக்கர் இரண்டாம் சுற்றுப் பண்டம் ஆயிற்றே என்றார்கள். 2024 பருவத்தில் கிப்ஸ் ஓடியும் பிடித்தும் போட்ட டச்டவுன் இருபது. அரிசோனாவிடம் வாங்கிய 34-ஆவது இடத்தில் வந்தவர் சாம் லபோர்ட்டா. முதல் பருவத்திலேயே 86 பந்து பிடித்து, முட்டவும் பிடிக்கவும் வேண்டிய டைட் எண்ட் இடத்துக்குப் புதிதாக வந்தவர் எவரும் அதுவரை செய்யாததைச் செய்தார். அந்த நிபுணர்கள் யாரும் போட்ட மதிப்பெண்ணைத் திருத்தி அறிவித்ததாக எனக்கு நினைவில்லை.

2024 ஜனவரி 14. ஃபோர்டு ஃபீல்டில் பிளேஆஃப். எதிரே ராம்ஸ், ராம்ஸில் ஸ்டாஃபோர்ட். அவரை நேசித்த ஊரே அன்று அவரை எதிர்த்துக் கத்தியது, ராம்ஸ் தள்ளிவிட்ட காஃபின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. 24-23. முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பிளேஆஃப் வெற்றி. அன்றிரவு என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று அழுதார். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன் என்பதைச் சபையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வாரம் கழித்து சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக, சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே, பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. முடிவு 34-31 தோல்வி. நம்மைத் தோற்கடித்த குவாட்டர்பேக் பிராக் பர்டி 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262-ஆவது. 2024 பருவம் 15-2, அதுவரை லயன்ஸ் சரித்திரம் காணாத பருவம். 2025 ஜனவரியில் பிளேஆஃபில் வாஷிங்டன் நம் வீட்டுக்கே வந்து 45-31 என்று அடித்துவிட்டுப் போனது. அவர்களுடைய குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் 2024 டிராஃப்டில் இரண்டாவது ஆள். ஒரு வருஷம் 262, அடுத்த வருஷம் 2. எந்த இடத்தில் எடுத்தால் என்ன என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு ஆட்டத்திலும் அந்தக் குவாட்டர்பேக்கை நம்மால் நெருக்கிப் பிடிக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்வேன். இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பே, 2024 அக்டோபரில் டல்லாஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஹட்சின்சனுக்குக் கால் முறிந்தது. உள்வரிசைத் தூணாக இருந்த அலிம் மெக்நீல் டிசம்பரில் முழங்காலில் அடிபட்டு விழுந்தார்.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். 2025 டிராஃப்டில் நம் இடம் 28. பின் வரிசையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும், ஹட்சின்சனுக்கு எதிர்ப்பக்கம் ஓரத்திலிருந்து பாயும் ஒருவன் வேண்டும், அடுத்த வருஷ வாய்ப்புகளை வாரிக் கொடுத்தாவது மேலே ஏறிப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல்தரமாகப் பாய்கிறவர்கள் 28 வரைக்கும் மிஞ்ச மாட்டார்கள். அதற்காக நாளைய முதல் சுற்றை இன்றைக்கே அடகு வைக்காதே என்பது என் கருத்து. ஓரத்தில் இரண்டாம்தரமானவனை விட, உள்ளே நிற்கும் முதல்தரமானவன் மேல். தற்காப்பில் மெக்நீல் குணமாகித் திரும்பும் வரை நடுவை அடைத்து நிற்க ஒரு மலை வேண்டும். தாக்குதலில் வலது கார்டு கெவின் ஸைட்லர் டென்னசிக்குப் போய்விட்டார், அந்த ஓட்டையை அடைக்க ஒருவன் வேண்டும். முன்னூறு பவுண்டுக்கு மேல் எடை, விளம்பரத்தில் வராத முகம், சட்டை விற்காத பெயர். அப்படி இரண்டு பேர் முதல் இரண்டு சுற்றில் வந்தால் நான் பாயசம் வைப்பேன். முதல் சுற்றில் இன்னொரு ரிசீவர் வந்தால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

நமக்கு வியூகம் வகுத்த பென் ஜான்சன் சிகாகோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார், அவரைப் போலவே ஆரன் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டார், இனி லயன்ஸ் கதை முடிந்தது என்று எழுதுகிறார்கள். போகட்டும். வியூகம் வகுத்தவர்கள் போனார்கள், ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர் இங்கேயேதான் இருக்கிறார்.

2024 ஏப்ரலில் இதே டிராஃப்ட் நம் டெட்ராய்ட்டில் நடந்தது. மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் கூடினார்கள். அதுவரை எந்த ஊரிலும் கூடாத கூட்டம். 2013-இல் திவால் மனு போட்ட ஊர் இது. கேம்பஸ் மார்ஷியஸில் அந்த ஜனங்கள் நின்றுகொண்டு, இன்னும் ஒரு ஆட்டமும் ஆடாத இருபத்தொரு வயதுப் பையன்களின் பெயருக்குக் கைதட்டினார்கள். கோடைக்கு முன்பே தோற்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட அணிகளின் ரசிகர்களும் நம்பிக்கையோடு வந்திருந்தார்கள். எல்லா அணியும் ஒரே நாளில் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளும் விளையாட்டு நாள் வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

ஆகவே, பிள்ளைகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிப்பார்கள். 28 வருவதற்குப் பதினொரு மணி தாண்டிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அம்மா சொல்வார்கள், அன்று ஒரு நாள் அவர்களைச் சம்மதிக்க வையுங்கள். பெயர் வாசிக்கப்படும்போது, அந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும், பந்தைத் தொடாத ஆள் என்றாலும், எழுந்து நின்று கைதட்டுங்கள். மதிப்பெண்ணை 2028-இல் போட்டுக்கொள்ளலாம்.