மெம்பர் சொல்லும் கணக்கு



பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, அடுப்படியையும் பிள்ளைகளையும் கவனித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு கிராம சபையைப் பற்றியது. கேரளத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் இது வேண்டிய பேச்சு.

பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வரும். இன்ன தேதி, இன்ன பள்ளிக்கூடம், இத்தனை மணிக்குக் கிராம சபை என்று அதில் இருக்கும். அன்றைக்கு வார்டு மெம்பர் வருவார். வார்டில் என்ன நடந்தது, அரசு என்ன திட்டம் தந்திருக்கிறது என்று சொல்வார். கூட்டத்துக்குப் பலர் போவார்கள். வாசலில் இருக்கும் வருகை நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். டீ குடிப்பார்கள். மெம்பர் பேச எழும்போது பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? அதைத்தான் இன்றைக்குப் பார்க்க வேண்டும்.

மெம்பர் ஏன் வந்து சொல்ல வேண்டும்?

1992-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் 73-ஆவது திருத்தத்தைக் கொண்டு வந்தது. 1993 ஏப்ரல் 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்துவது கட்டாயம் ஆயிற்று. கிராம சபைக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. அதன்படி 1994-இல் கேரளம் தன் பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றியது.

கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. வார்டின் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் மெம்பர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்ட வேண்டும். வாக்காளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேராவது வந்திருக்க வேண்டும். வார்டில் 1,200 வாக்காளர் இருந்தால் 120 பேர் வர வேண்டும்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. போன ஆண்டு வார்டில் நடந்த வேலை, இந்த ஆண்டு நடக்கப் போகும் வேலை, அதற்கு ஆகும் செலவு, போன ஆண்டின் வரவு செலவுக் கணக்கு, இவை எல்லாவற்றையும் சபையின் முன் வைக்க வேண்டும். சபை எடுத்த முடிவு ஏதாவது நடக்காமல் போனால், ஏன் நடக்கவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவர் சபையில் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே, வந்து கணக்குச் சொல்வது அவர்கள் கடமை. உட்கார்ந்து கேட்பது ஊராரின் உரிமை.

பஞ்சாயத்துக்கு வரும் பணமும் சின்னப் பணம் இல்லை. 1996 ஆகஸ்ட் 17 அன்று கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது என்று அப்போது முடிவு செய்தார்கள். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தக் கிணற்றுக்குச் சுவர் என்று கிராம சபையிலே பேசத் தொடங்கினார்கள். 1998-இல் குடும்பஸ்ரீ வந்தது. பெண்கள் அயல்கூட்டங்களில் சேர்ந்து சேமிக்கவும் பேசவும் பழகினார்கள். 2010 தேர்தலில் இருந்து உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆயிற்று.

ஒரு கூட்டத்தைப் பாருங்கள்

ஒரு வார்டில் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெம்பர் ஒரு பெண். நல்லவர்தான். எழுந்து பேசுகிறார்.

அங்கன்வாடி விழா நன்றாக நடந்தது என்கிறார். வாசகசாலையில் ஓணப் போட்டி நடந்தது என்கிறார். கண் பரிசோதனை முகாமுக்கு நிறையப் பேர் வந்தார்கள் என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

பிறகு திட்டங்களைச் சொல்கிறார். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வருவார்கள், பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்கிறார். படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் பேரைக் கொடுங்கள், பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்கிறார்.

கடைசியில் ஒரு பட்டியலை வாசிக்கிறார். 2016-இல் கேரள அரசு தொடங்கிய லைஃப் வீட்டுத் திட்டத்தின் பட்டியல் அது. வீடு இல்லாதவர்களுக்கு வீடு கட்டப் பணம் தரும் திட்டம். அதற்குள் பாதி நாற்காலி காலி.

பின் வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்திருக்கிறார். கணவர் இல்லாதவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை.

"மெம்பரம்மா, என் பேரு வரலையே?"

"மனு கொடுத்தீங்களா அக்கா?"

"கொடுத்தேன். ரசீது இருக்கு." அந்த அம்மா பையில் இருந்து ரசீதை எடுக்கிறார். அதில் உள்ள எண்ணை அவரே வாசிக்கிறார்.

பஞ்சாயத்து அலுவலர் பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறார். "உங்க பேரு உங்க அண்ணன் ரேஷன் கார்டில இருக்கும்மா. ஒரு கார்டுன்னா ஒரு குடும்பம். அண்ணனுக்கு வீடு இருக்கு. அதனாலதான் தள்ளிட்டாங்க."

"நான் அங்க இல்லையே சார். ஆறு வருஷமா வாடகைக்குத்தானே இருக்கேன்?"

"அப்போ அப்பீல் கொடுங்க. கடைசித் தேதி போர்டில ஒட்டியிருக்கு."

கடைசித் தேதிக்கு இன்னும் நாலே நாள்தான் இருந்தது.

இந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்பே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சபையில் பட்டியல் வாசிக்கப்பட்டது, யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். வருகை நோட்டில் அவர் கையெழுத்து இருந்திருக்கும். தன் பேரை விட்டுவிட்ட பட்டியலுக்குத் தானே சாட்சி ஆகியிருப்பார்.

கேள்வி கேட்டால் உடனே வீடு கிடைத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பீலைப் பார்த்துத்தான் முடிவு வரும். ஆனால் கேட்டதால் அவருக்குக் காரணம் தெரிந்தது. நாலு நாள் கிடைத்தது. வாடகை ரசீதையும் கார்டையும் எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

மூன்று வகைச் செய்தி

மெம்பர் பேச்சில் மூன்று வகைச் செய்தி இருக்கும். ஒன்று, விழாச் செய்தி. அதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். இரண்டு, அரசுத் திட்டச் செய்தி. அது யாருக்கு, என்ன காகிதம் வேண்டும், கடைசித் தேதி எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று, கணக்குச் செய்தி. பல கூட்டங்களில் முதல் செய்தி நீளமாக இருக்கும். மூன்றாவது செய்தி இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரியில்தான் கவனம் வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

போன கிராம சபையில் என்ன முடிவு எடுத்தார்கள்? அது நடந்ததா?

நடக்கவில்லை என்றால் காரணம் என்ன?

இந்த வார்டுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள்? எவ்வளவு செலவு ஆயிற்று?

பட்டியலில் யார் பேர் இருக்கிறது? பேர் விட்டுப்போனவர்கள் யாரிடம், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்?

இன்று பேசியது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதா?

கேட்பதைப் பணிவாகக் கேளுங்கள். மெம்பரும் இதே ஊர்க்காரர்தான். எல்லா வேலையும் அவர் கையில் இல்லை. பொதுப்பணித் துறை ரோட்டை அவர் போட முடியாது. மின்கம்பம் நட மின்வாரியம் வர வேண்டும். "இது என் கையில் இல்லை" என்று அவர் சொன்னால், "அப்படியானால் யாருக்கு எழுத வேண்டும்?" என்று கேளுங்கள். நல்ல மெம்பருக்கு இப்படிக் கேட்பவர்களால் பலம் கூடும். நாலு பேர் கேட்டார்கள் என்று அவரும் மேலே போய்ச் சொல்லலாம்.

எழுதிக் கொடுங்கள்

வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் அது இருக்கும். மனுவில் பேர், விலாசம், தேதி, கேட்பது என்ன என்று நாலு வரி போதும். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். மற்றொன்றைப் பத்திரமாக வையுங்கள்.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். 1969-இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் ஓர் உரிமை தந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தாய்மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்பதே அது. தேவிகுளம், பீருமேடு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கேட்டும் கணக்குச் சொல்லவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில் பெரிய கூட்டம் கூடியது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அங்கே அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி இல்லை. வயதான காலத்தில் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மா. கற்றவர் வாயால் ஊர் கேட்டது. கிராம சபையிலும் அப்படிக் கற்றவர் குரல் கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு நோட்டீஸ் வந்ததும் அதைப் பக்கத்து வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நோட்டும் பேனாவும் பழைய ரசீதும் பையில் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் நோட்டின் மேல் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். பிறகு உட்காருங்கள். மெம்பர் பேசி முடித்து, பட்டியல் வாசித்து, கேள்விக்குப் பதில் வந்த பிறகு எழுந்திருங்கள்.