பட்டம் பெற்ற மகள் நர்ஸாக விரும்பினால்...

(மானகிரியில் நடந்த ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் நமது ஆஸ்பத்திரியின் செவிலியர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



 காரைக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள கிராமச் சபைகளிலிருந்தும் வெயிலைப் பொருட்படுத்தாமல் மானகிரிக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த ஊழியம் தாங்கப்பட்டு வருவதற்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

சென்ற கூடுகையில், சாப்பாட்டுப் பந்தியில் ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்: "எம் மக பி.எஸ்ஸி. விலங்கியல் முடிச்சிட்டா. இப்பப் போயி நர்ஸ் ஆகணும்னு நிக்கிறா. படிச்ச மூணு வருசமும் வீணாப் போயிருமா?" அதே பந்தியில் எங்களை நெடுங்காலமாகத் தாங்கிவரும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "பட்டம் வாங்கின பிள்ளைக்கு மறுபடியும் நாலு வருசமா? அந்தப் பணத்துல பிளஸ் டூ முடிச்ச ஏழைப் பிள்ளை ஒண்ணு படிக்குமே." இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்ல முயலுகிறோம்.

முதலில் உண்மை நிலையைச் சொல்லிவிடுவது நல்லது. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் குறுகிய காலத்தில் நர்ஸாவதற்கென்று நம் நாட்டில் தனிப் படிப்பு இல்லை. பி.எஸ்ஸி. இருப்பதால் நேராக எம்.எஸ்ஸி. நர்சிங்கில் சேரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முடியாது. அதற்கு நர்சிங்கிலேயே பட்டமும், கவுன்சில் பதிவும், ஓராண்டு வேலை அனுபவமும் வேண்டும். போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. என்ற இரண்டு ஆண்டுப் படிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அது ஏற்கெனவே டிப்ளமா முடித்துப் பதிவு செய்த நர்ஸ்களுக்கானது. ஆகவே பட்டதாரி மகளும் முதல் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

தொடங்குவதற்கு வழிகள் இரண்டு. எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது கல்லூரிப் பட்டமல்ல, பீரோவில் மடித்து வைத்திருக்கும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருந்து, அறிவியல் பாடங்களில் மொத்தம் 45 சதவீதம் எடுத்திருந்தால் நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் போதும். கணிதம் அல்லது வணிகவியல் பிரிவில் படித்தவருக்கு இந்தக் கதவு திறக்காது. ஆனால் ஜி.என்.எம். என்ற மூன்று ஆண்டு டிப்ளமாவுக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் ஆங்கிலத்தில் தேறி 40 சதவீதம் பெற்றிருந்தால் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. அறிவியல் படித்தவருக்கு முன்னுரிமை உண்டு. பிறகு போஸ்ட் பேசிக் இரண்டு ஆண்டு படித்தால் அவரும் பட்டதாரி நர்ஸ்தான்.

வயதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிப்படி 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு 35. சில நிறுவனங்கள் இதைவிடக் குறைவாக வைத்திருப்பதால் கையேட்டைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். 2023-இல் பாராளுமன்றம் செவிலியர் கல்விக்குப் புதிய ஆணையச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆதலால் விதிகள் மாறலாம். அந்தந்த ஆண்டுக் கையேடே ஆதாரம். போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வார்த்தை ஆதாரமாகாது.

வெளிநாடுகளில் வேறு ஏற்பாடு உண்டு என்று உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். முதல் உலக யுத்தத்தின்போது 1918-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவிலுள்ள வாஸர் கல்லூரியில், பட்டம் பெற்ற நானூறுக்கு மேற்பட்ட பெண்களைக் கூட்டி 12 வாரம் அடிப்படைப் பாடம் நடத்தி, மீதிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளி 1923-இல் ஆரம்பமாயிற்று. 1934 முதல் பட்டதாரிகளை மாத்திரமே சேர்த்தது. 1971-இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கென்று துரிதப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் இத்தகைய படிப்புகள் பெரும்பாலும் ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை நடக்கின்றன. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு ஆண்டு.

குறுகிய காலம் என்றதும் இலேசான படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஒருவர் நர்ஸாவதற்கு 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். பாதி வகுப்பறையில், பாதி நோயாளி அருகில். பட்டதாரி ஏற்கெனவே கற்றதில் பொருத்தமான பகுதியைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, மீதியை விடுமுறை குறைத்து நெருக்கி நடத்துகிறார்கள். அமெரிக்காவில் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்றவற்றை முன்பே முடித்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். விலங்கியல் படித்த மகளுக்கு அவற்றுள் சில இருக்கும். தமிழ் இலக்கியம் படித்தவருக்கு இராது.

வெளிநாடு செல்ல நினைப்பவர் மூன்று கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். அந்தப் படிப்பு முடிந்தால் அந்த நாட்டு நர்சிங் பதிவு கிடைக்குமா? இந்தியப் பட்டத்தை ஏற்பார்களா? திரும்பி வந்தால் நம் நாட்டுக் கவுன்சில் அந்தப் படிப்பை ஒப்புக்கொள்ளுமா? நான்கு ஆண்டுப் பட்டம் வழக்கமான நாட்டில் இரண்டு ஆண்டுப் பட்டத்தைத் தாமாக ஒப்புக்கொள்வார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றாவது கேள்வியை ஏஜெண்டுகள் யாரும் கேட்கச் சொல்வதில்லை.

இதைச் சொல்லும் எங்களுக்கும் ஒரு தவறு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உள்நாட்டிலேயே ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கு, நீங்கள் கொடுத்த காணிக்கையிலிருந்து முதல் ஆண்டுக் கட்டணம் கட்டினோம். கட்டடம் அழகாயிருந்தது; பேருந்தும் இருந்தது. அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. ஆண்டு முடிவில் தேர்வு எழுத முடியாது என்றார்கள். பணம் திரும்பவில்லை. அதைவிட, அந்தப் பிள்ளையின் ஓராண்டு திரும்பவில்லை. அவள் எங்களைக் குறைசொல்லவில்லை; அதுவே எங்களுக்கு அதிக வேதனை. அன்றிலிருந்து நேரில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

எப்படி விசாரிப்பது? பி.எஸ்ஸி. நர்சிங்கானால் அந்தக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு அந்த ஆண்டுக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பல்கலைக்கழகப் பட்டியலில் பாருங்கள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் பட்டியலையும் பாருங்கள். பிறகு ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. படுக்கை இருந்தால் மட்டும் போதாது. அதில் நோயாளி இருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு காலை வேளையில் போய் வெளிநோயாளர் வரிசையைப் பாருங்கள். மூத்த மாணவிகளிடம், "பிரசவம் எத்தனை பார்த்தாய் அம்மா?" என்று கேளுங்கள். விளம்பரப் புத்தகத்தில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

விண்ணப்பிக்கும் முறையிலும் பட்டதாரிக்குச் சில தனிக் காரியங்கள் உண்டு. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் மாநிலத் தேர்வுக் குழுவின் மூலம், பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. கல்லூரியில் எவ்வளவு நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாலும் அது அங்கே சேராது. சிறுபான்மைக் கிறிஸ்தவ நிறுவனங்களுக்குத் தனி விண்ணப்பமும் தனித் தேதியும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் சபைகளும் மிஷன் ஸ்தாபனங்களும் ஸ்பான்சர் செய்யும் இடங்கள் இருக்கின்றன. படித்து முடித்தபின் ஸ்பான்சர் செய்தவர்கள் காட்டும் ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட காலம் ஊழியம் செய்ய வேண்டும். அந்தக் கடிதத்துக்குச் சபையின் கமிட்டி கூட வேண்டியிருக்கும். ஆகவே கடைசி வாரத்தில் குருவானவரைத் தேடி ஓடாதீர்கள். கடைசியாகப் படித்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழையும் பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

நேர்முகத்தில், "ஏன் இப்போது வந்தாய்?" என்று நிச்சயம் கேட்பார்கள். "வேறு வேலை கிடைக்கவில்லை" என்பது உண்மையானால் அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அது மாத்திரமே காரணமானால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது நல்லது. எங்களிடம் வரும் பட்டதாரிப் பிள்ளைகளை விண்ணப்பத்துக்கு முன் பத்து நாள் வார்டில் இருக்கச் சொல்லுகிறோம். ஊசி போட விடுவதில்லை. கஞ்சி ஊட்டவும், படுக்கை விரிப்பு மாற்றவும், இராத்திரி விழித்திருக்கவும் சொல்லுகிறோம். ஒரு பெண் நான்காம் நாள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள். இன்று அவள் நல்ல ஆசிரியை, எங்களோடு அன்பாயிருக்கிறாள். இன்னொரு பெண், பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணசைவை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். எப்போது தாகம், எப்போது வலி என்று அந்த நோட்டைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். கல்லூரியில் பூச்சிகளைக் கவனித்து எழுதிப் பழகிய கை அது.

அந்தத் தாயாருக்கு எங்கள் பதில் இதுதான்: அம்மா, மூன்று வருடமும் வீணாகாது. கணக்கில் கழியாது; ஆனால் கையில் நிற்கும். நம் செட்டிநாட்டில் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், முதலாளி வீட்டுப் பிள்ளையும் பெட்டியடிப் பையனாகத்தான் தொழில் பழகினான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கீழிருந்து பழகியது அவனுக்கு அவமானமாயில்லை. உங்கள் மகளும் தன்னைவிட நான்கு வயது இளைய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். அதற்கு மனத்தாழ்மை இருந்தால் மற்றவை வந்து சேரும். யாக்கோபு ஏழு ஆண்டு உழைத்தும், மறுபடி ஏழு ஆண்டு உழைக்க ஒப்புக்கொண்டான். அன்பு இருந்தபடியால் அவனுக்கு அது பாரமாயில்லை.

இனி பெரியவருடைய கேள்வி. இளைய பிள்ளையின் இடத்தைப் பட்டதாரிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் முடிவு. கல்வி நிதியில் முதலிடம் பிளஸ் டூ முடித்த ஏழைப் பிள்ளைகளுக்கே. பட்டதாரிகளுக்கென்று பெயர் சொல்லித் தரப்படும் காணிக்கையை மாத்திரம் அவர்களுக்குச் செலவிடுவோம். அதிலும் குடும்பம் தன் பங்கைக் கட்ட வேண்டும். ஆனால் ஒன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு வயதில் வருகிறவள் அநேகமாகத் தெரிந்து வருகிறாள். பதினேழு வயதில் தகப்பன் சொன்னதற்காக வேறு படிப்பில் சேர்ந்தவள், இப்போது தானாகக் கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் காலம் கடந்தது என்று தள்ள எங்களுக்குத் துணிவில்லை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு பிள்ளையைத் தாங்குவதானால் படிப்பு முடியும்வரை தாங்குவதாக நிதானித்து வாக்குக் கொடுங்கள். முதல் ஆண்டுக்கு உற்சாகமாய்க் கொடுக்கிறோம். மூன்றாம் ஆண்டில் மறந்துபோகிறோம். பாதியில் நின்ற படிப்புக்குக் கவுன்சிலில் பதிவு கிடையாது. கட்டணத்தோடு விடுதி, சீருடை, புத்தகம், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, ஊருக்குப் போகும் பஸ் கட்டணம் எல்லாம் செலவுதான். தனியொருவரால் முடியாவிட்டால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒருத்தியைத் தாங்கலாம்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினதோடு போய்விடவில்லை. சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்தான். கூடுதலாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். நாம் அந்தக் கதையில் சமாரியனையே நினைக்கிறோம். அவன் போன பிறகு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சத்திரக்காரனுடையது. கொடுத்தவரும் பார்த்துக்கொள்கிறவரும் சேர்ந்துதான் அந்த மனிதனைத் தாங்க வேண்டியிருந்தது.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்: இவ்வாண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்காக, சரியான இடத்தைத் தெரிந்துகொள்ளும் ஞானத்துக்காக, எங்கள் தவறால் ஓராண்டை இழந்த அந்தப் பெண்ணுக்காக. அவள் இப்போது ஓர் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஜி.என்.எம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இம்முறை கட்டணத்தில் பாதியை அவள் தகப்பனார் கட்டுகிறார். மீதியை நம் சபைக் குடும்பங்கள் மூன்று சேர்ந்து கட்டுகின்றன. மூன்றாம் ஆண்டுக்கும் அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.