கிட்டங்கி வேலைக்குத் தகுந்த ஆள்



சங்கக் கிட்டங்கியிலுள்ள தானியத்தை வண்டு அரிக்காமற் காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பதுண்டு. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் 1 கிராம் பாஸ்பீன் என்னும் விஷவாயுவை வெளிவிடும். வண்டைக் கொல்லும் அவ்வாயு மனிதனையும் கொல்லும்.

மூட்டை சுமப்பதில் வல்லவனாயினும், இவ்வாயுவின் குணமறியாதவன் இவ்வேலைக்கு உரியவனல்லன். மாத்திரையின்மேல் தண்ணீர் பட விடுவான்; அது தீப்பற்றவும் கூடும். முகத்தில் துணி கட்டினால் போதுமென்று எண்ணுவான்; துணி வாயுவைத் தடுக்காது. நாற்றமில்லையென்று உள்ளே புகுவான். இதில் மூக்கை நம்பலாகாது.

தொழிலாளருக்குத் தக்க பயிற்சி அளிக்க வேண்டுமென 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் விதித்தன. ஆகையால் பஞ்சாயத்தார், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்பதோடு நில்லாமல், பயிற்சியும் உரிமமும் பெற்றவரிடமே இவ்வேலையை ஒப்புவித்தல் வேண்டும். கதவுகளைத் திறந்து காற்றோடவிட்டு, கருவியால் வாயுவை அளந்து அவர் அனுமதித்த பின்னரே சுமை தூக்குவோர் உள்ளே செல்லலாம். எச்சரிக்கைப் பலகையை வாசிக்க அறியாதவர்க்கு வாய்மொழியாகச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லக் கேட்டல் அவசியம்.

மாத்திரை வைப்பவர் யார், அவர் எங்கே பயின்றார் என்பதை, வரவு செலவைக் கேட்பதுபோலவே மகாசபையில் அங்கத்தினர் கேட்க வேண்டும். கெட்ட தானியத்திற்கு நஷ்டக் கணக்கு எழுதலாம். போன உயிருக்கு எழுதக் கணக்கில்லை.