லோரிக் கணக்கு
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



இன்று நான் செய்த தவறு ஒன்றை உங்கள் முன் சொல்ல விரும்புகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். 20 டன் செம்பனைக் குலை ஆலைக்குப் போக வேண்டும். பெரிய லோரி 7 டன் ஏற்றும். வாடகை 250 வெள்ளி. சின்ன லோரி 3 டன் ஏற்றும். வாடகை 110 வெள்ளி. செலவு குறைய என்ன வழி?

டன் கணக்கில் பார்த்தால் பெரிய லோரிதான் மலிவு. 20-ஐ 7-ஆல் வகுத்தால் 2.86 லோரி, 714 வெள்ளி வருகிறது. அரைகுறை லோரி எங்கே கிடைக்கும்? ஆகவே 3 லோரி, 750 வெள்ளி என்று விடை எழுதி வைத்திருந்தேன். ஒரு மாணவன் மட்டும் "2 பெரிசு, 2 சின்னது, 720" என்று எழுதியிருந்தான். பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். "கூட்டிப் பாருங்க சார்" என்றான். கூட்டினேன். 14-உம் 6-உம் 20! 30 வெள்ளி மிச்சம். வெட்கமாகப் போய்விட்டது.

அவன் என்ன செய்தான்? 'பெரிய லோரி 2-க்கு மேல் வேண்டாம்', '3-க்குக் குறையக் கூடாது' என்று கணக்கை இரண்டு கிளையாகப் பிரித்தான். இரண்டாம் கிளையில் 750-க்குக் குறையாது. முதற் கிளையில் 720 வந்துவிட்டது. எனவே இரண்டாவதை வெட்டிவிட்டான். இதே முறையைத்தான் 1960-இல் அய்ல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்னும் இரு பெண்மணிகள் வெளியிட்டார்கள். முழு எண்ணில் விடை தேடும் கணிப்பொறி மென்பொருளுக்கு இன்றும் இதுவே அடிப்படை.

ஆனால் கணக்குப் பெரிதானால் கிளைகள் பெருகிவிடும். 'உண்டு, இல்லை' என்று 30 முடிவு எடுப்பதற்கே 107 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. 1958-இல் ரால்ஃப் கொமோரி என்ற அமெரிக்கர் வேறொரு வழி சொன்னார். முழு எண் விடை எதையும் இழக்காமல், பின்ன விடையை மட்டும் வெட்டித் தள்ளும் புதிய நிபந்தனைகளைச் சேர்ப்பதே அது. தனியாகச் செய்து பார்த்தபோது பெரிய கணக்குகளுக்குச் சரிவரவில்லை. 'உதவாது' என்று பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். 1990-களில் சிலர் அதை எடுத்துக் கிளை முறையோடு சேர்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது!

ராபர்ட் பிக்ஸ்பி என்பவர் 'சிப்ளெக்ஸ்' என்ற மென்பொருளை உருவாக்கியவர். அதன் 1991 முதல் 2007 வரையிலான பதிப்புகளை ஒரே இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் சராசரியாக 29,000 மடங்கு கூடியிருந்தது. எட்டு மணி நேர வேலை ஒரு நொடியில் முடிவது போல! இயந்திரம் மாறவில்லை, வழிமுறைதான் மேம்பட்டது. தள்ளி வைத்த பழைய யோசனைக்கும் அதில் பெரும் பங்குண்டு.

பெற்றோர்களே, அந்த மாணவன் இன்று மேடையேறிப் பரிசு வாங்கவில்லை. "அவனுக்குக் கணக்கு வராதுங்க சார்" என்று அவன் தந்தையே என்னிடம் சொன்னார். வரும் ஐயா, வரும். நோட்டுப் புத்தகம் அலங்கோலமாக இருந்தால் ஏசாதீர்கள். 'இது எப்படி வந்தது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவர்களே, தப்பான கணக்கை ரப்பரால் அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அப்படியே வையுங்கள். பிறகு உதவும்.

நானும் இப்போது சிவப்புக் கோடு போடுவதற்கு முன் கூட்டிப் பார்க்கிறேன்.