ஓர் ஆளுக்கு ஓர் அட்டை
(வானொலி மறையுரை: மத்தேயு 25:1-13)



பத்துத் தோழியர் உவமையைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேரும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால்தான் என்ன? ஆண்டு முழுவதும் பகிர்ந்து வாழச் சொல்கிற நாங்களே இந்த இடத்தில் சற்றுத் தடுமாறுவோம். குருமடத்தில் விளக்கம் படித்தேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது சிங்கப்பூரில், ஒரு ரயில் நிலைய வாசலில்.

சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில் அங்கே போயிருந்தேன். ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டது. தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நான் விழுப்புரம் என்றதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். திண்டிவனம் பக்கத்து ஊர்க்காரர், கட்டட வேலை செய்கிறவர். (அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.) நான் தங்கியிருந்த இடம்வரை கொண்டுவிட அவரே கிளம்பினார்.

அங்கே பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டைதான். 2002-இல் வந்த ஈஸி-லிங்க் அட்டை. முதலிலேயே பணம் போட்டு நிரப்பி வைக்கவேண்டும். ஏறும்போது கருவியில் ஒருமுறை தட்டவேண்டும், இறங்கும்போது மறுபடி. போன தூரத்துக்கு மட்டும் காசு கழியும். பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம்வரை உள்ள கட்டணம் போய்விடும். நம் சென்னையிலும் 2023-இல் மெட்ரோ ரயிலுக்கு இப்படிச் சிங்காரச் சென்னை அட்டை வந்தது. 2025-இல் மாநகரப் பேருந்துக்கும் வந்துவிட்டது.

நிலைய வாசலில் என் அட்டையைத் தட்டினேன். கதவு திறக்கவில்லை. காசு தீர்ந்திருந்தது. பின்னால் வரிசை நிற்கிறது. "தம்பி, உன் அட்டையையே எனக்கும் சேர்த்துத் தட்டிவிடேன்" என்றேன். நம் ஊர் பஸ்ஸில் "ரெண்டு திண்டிவனம்" என்று ஒருவரே டிக்கெட் எடுப்பதில்லையா, அந்தப் பழக்கம்.

"அது முடியாது சாமி. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை" என்றார். பிறகு என்னை இயந்திரத்துக்கு அழைத்துப்போய்த் தன் பணம் பத்து வெள்ளியை என் அட்டையில் போட்டார். தடுத்தும் கேட்கவில்லை. அவரோ உள்ளே நுழையும்போது, மீதி எவ்வளவு என்று சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். காசை எண்ணி எண்ணி ஊருக்கு அனுப்புகிறவர். அந்த மீதி வாசலில் தெரியாத புது முறைக்கு மாறவேண்டும் என்று 2024 ஜனவரியில் அங்கே அறிவித்தார்கள். மக்கள் மனம் வருந்தியதால் அந்த மாதமே முடிவை மாற்றினார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு இவர் குனிந்து பார்த்ததுதான் ஞாபகம் வந்தது.

ரயிலில் மெதுவாகக் கேட்டார்: "எங்க அண்ணனைப் பாருங்க சாமி. வரப்புத் தகராறுல பேசி ஆறு வருஷமாச்சு. அம்மா அடக்கத்துக்குக்கூட எனக்குச் சொல்லி அனுப்பல. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தம்பி மன்னிப்புக் கேட்டான்னு சொல்லிடுங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "இப்பத்தானேப்பா சொன்னே, ஓர் ஆளுக்கு ஓர் அட்டைன்னு" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கே சங்கடம்.

அந்தத் தோழியர் கஞ்சத்தனத்தால் மறுக்கவில்லை, அன்பர்களே. பணத்தை, நேரத்தை, செபத்தை நாம் இன்னொருவருக்குத் தரலாம். இயந்திரம்வரை கூடவே நடக்கலாம். அவர் கேட்கவேண்டிய மன்னிப்பை மட்டும் நாம் கேட்க முடியாது. ஒப்புரவு அருள்சாதனத்திலும் அவரவர்தானே வந்து முழந்தாளிடவேண்டும்? "நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கு சாமி" என்றார்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் அருகில் வந்து, "நீங்கதான் சிங்கப்பூர் போன சாமியா? தம்பி போன் பண்ணான்" என்றார்.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல சாமி. ரெண்டு பேரும் அழுதோம்."

விழுப்புரம் பஸ் வந்தது. எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.