லாயத்தில் இரு குதிரைகள்: கண்டதும் வரைந்ததும்



‘உற்று நோக்கி எழுதுக’ என்று மாணவர்களிடம் அடிக்கடி கூறுகிறோம். நோக்குதலுக்கும் எழுதுதலுக்கும் இடையே நிகழ வேண்டியது யாது என்பதை அவ்வளவாகக் கூறுவதில்லை. அதனை விளக்க ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பிரெஞ்சுப் புனைவியல் ஓவியர் யூஜின் டெலக்ருவா 1860இல் தீட்டிய ‘லாயத்தில் போரிடும் அரபுக் குதிரைகள்’ பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. மங்கிய லாயத்தில் இரு குதிரைகள் பின்னிப் பிணைந்து மோதுகின்றன. குதிரைக்காரர்கள் விலக்க முயன்றும் அவை விடுவதாயில்லை.

இதன் வித்து 28 ஆண்டுகள் முற்பட்டது. மொரோக்கோ சுல்தானிடம் பிரான்சு அனுப்பிய தூதுக்குழுவுடன் டெலக்ருவா 1832 ஜனவரியில் டாஞ்சியர் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 33. அம்மாதம் 29ஆம் நாள் சவாரியின்போது குழுவினரின் இரு குதிரைகள் பொருதின. சாம்பல்நிறக் குதிரை கருங்குதிரையின் கழுத்தின்மேல் தலையைப் போட்டு நெடுநேரம் விடாது பற்றிக்கொண்டது. தூதர் மோர்னே இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்தார். கருங்குதிரை சினந்து உதைத்தது. யாவற்றையும் ஓவியர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். தாம் போற்றிப் பயின்ற ரூபன்ஸின் கற்பனைக்குச் சிறிதும் குறையாத காட்சியைக் கண்ணெதிரே கண்டதாகவும் அதில் பதிந்தார்.

கண்டது திறந்தவெளி, வரைந்ததோ லாயம். இம்மாற்றம் பொய்யன்று. வெளியில் ஓட வழியுண்டு. நான்கு சுவர்களுக்குள் சினத்திற்குப் போக்கிடமில்லை. போரின் உண்மை அதனால் இன்னும் செறிவுற்றது.

சிறு விவரங்கள் மறந்த பின்னரே ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து ஓரளவு தேறிய படைப்புகள் பிறந்தன என்று 1853ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவரே எழுதினார். குறிப்பேடு காத்தது, மறதி புடைத்தது, எஞ்சிய மணியே ஓவியமாயிற்று.

நம் வகுப்பறைகளில் கதிரவன் எழுவதும் மழை பொழிவதும் மனனம் செய்த தொடர்களாகவே கட்டுரைகளில் வருகின்றன. மாணவர் கண்ட மழை அங்கே இல்லை. முன்னோர் நடையைப் பயில்வது குற்றமன்று. டெலக்ருவாவும் ரூபன்ஸைப் பார்த்து வரைந்து பயின்றவரே. ஆயினும் குதிரையை நேரில் கண்டபோது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இன்று கண்டதை மாணவர்கள் இன்றே பத்து வரிகளில் குறிக்கட்டும். கட்டுரையை ஒரு வாரம் கழித்து, அக்குறிப்பைப் பாராது எழுதட்டும். பின்னர் இரண்டையும் ஒப்பிடச் செய்யுங்கள். எது உதிர்ந்தது, எது நிலைத்தது என்று காணும் மாணவர் தம் மொழியைத் தாமே கண்டடைவார்.